பட்டறைத் தளத்தில் பிணையப் பாலங்கள்: அமைப்பும் பொறுப்பும்

(ஓசூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மின் பணியாளராக வேலையைத் தொடங்கிய ஒருவர் நிறுவிய அறக்கட்டளை இது. கையால் வேலை செய்கிறவருக்குப் பயன்படும் பொருளைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அதனால்தான் நெட்வொர்க் பிரிட்ஜ் என்கிற பிணையப் பாலத்தை எடுத்துக்கொண்டேன். உங்கள் பேனலுக்குள் அது இருக்கிறது. பலருக்கு இருப்பதே தெரியாது.

இந்த மண்ணின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பிறகு அசோக் லேலண்ட், டிவிஎஸ், டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் எனப் பெரிய ஆலைகள் வந்தன. அண்மைக் காலத்தில் போச்சம்பள்ளியில் ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலையும், ஓசூரில் ஏத்தரும் வந்திருக்கின்றன. ஒவ்வொரு பெரிய ஆலையைச் சுற்றியும் உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. முன்பெல்லாம் அந்தப் பட்டறைகளில் அளவும் தரமும் நன்றாக இருந்தால் போதும். இப்போது எந்தப் போல்ட் எவ்வளவு டார்க்கில் முறுக்கப்பட்டது, எந்தத் தொகுதி எந்த நேரத்தில் எந்த மெஷினில் ஓடியது என்ற தரவையும் கேட்கிறார்கள். அதைக் கொடுக்க வேண்டுமென்றால் மெஷினிலிருந்து கணினிக்குக் கேபிள் போக வேண்டும். கேபிள் வந்துவிட்டது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வரவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பிரிட்ஜ் அமைப்பது பத்து நிமிட வேலை. எந்த இரண்டை அதன் வழியாக இணைக்கலாம், எந்த இரண்டை இணைக்கவே கூடாது என்று முடிவு செய்து, அதை எழுதி வைத்து, அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குவதுதான் நிர்வாகம். அந்தப் பொறுப்பு மெஷின் விற்றவரிடம் இருக்கக் கூடாது. ஆலையின் சொந்தப் பராமரிப்புப் பணியாளரிடம் இருக்க வேண்டும்.

பிரிட்ஜ் செய்யும் வேலை எளிது. அதற்கு இரண்டோ அதற்கு மேலோ போர்ட்டுகள் உண்டு. ஒரு போர்ட்டில் ஃப்ரேம் என்ற ஈதர்நெட் தரவுப் பொட்டலம் வந்ததும், அதை அனுப்பிய சாதனத்தின் வன்பொருள் முகவரியான மேக் முகவரியைப் பார்த்து, ‘இவர் இந்தப் பக்கம் இருக்கிறார்’ என்று தன் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. போக வேண்டிய முகவரி அட்டவணையில் இருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லாவிட்டால் மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் கொட்டும். பிராட்காஸ்ட் ஃப்ரேம் என்றால் கேள்வியே இல்லை, எல்லாப் பக்கமும் போகும். ஐந்து நிமிடம், அதாவது 300 விநாடி, ஒரு முகவரியிலிருந்து எதுவும் வராவிட்டால் பொதுவாக அந்த வரியை அழித்துவிடும். நீங்கள் கடையில் வாங்கும் ஸ்விட்ச்சும் பல போர்ட் கொண்ட பிரிட்ஜ்தான். 1990 வாக்கில் முதல் பல போர்ட் ஈதர்நெட் ஸ்விட்ச்சை விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் கல்பனா. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ், அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர். மனைவியின் பெயரை வைத்தார். 1994இல் சிஸ்கோ அதை வாங்கிவிட்டது.

இந்தத் துறையில் ஒரு பெயரை மாணவிகள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: ரேடியா பெர்ல்மன். 1980களின் நடுவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தார். அப்போது சில மென்பொருள்கள் ஐபி போன்ற மேல் அடுக்கு முகவரி எதுவும் இல்லாமல், ஈதர்நெட் ஃப்ரேமை மட்டுமே நம்பி எழுதப்பட்டிருந்தன. அவற்றை ரூட்டர் வழியாக அனுப்ப வழியே இல்லை. அதற்கு மாற்றாகத்தான் பிரிட்ஜ் வந்தது. ஆனால் பிரிட்ஜுகளை வளையமாக இணைத்துவிட்டால் ஃப்ரேம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெர்ல்மன் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ முறையில், பிரிட்ஜுகள் தங்களுக்குள் பேசி ஒன்றை வேராகத் தேர்ந்தெடுத்து, மிகையான பாதைகளைத் தாமே அடைத்துக்கொள்கின்றன. 1990இல் அது 802.1டி என்ற தரநிலையாயிற்று. பிரிட்ஜ் என்பது நெருக்கடிக்குக் கண்ட தற்காலிக ஏற்பாடு என்றும், மென்பொருளை முறையாக எழுதியிருந்தால் அதன் தேவையே வந்திருக்காது என்றும் பின்னாளில் பெர்ல்மனே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதே நிலைமைதான் நாற்பது ஆண்டுக்குப் பிறகு நம் பட்டறைகளில் இருக்கிறது. மெஷின் சாதனங்கள் பேசிக்கொள்ளும் புரோஃபினெட் நெறிமுறையின் நிகழ்நேர ஃப்ரேம்களில் ஐபி தலைப்பே கிடையாது. ஈதர்கேட்டும் அப்படித்தான். ரூட்டர் அவற்றைத் தாண்ட விடாது. மெஷினைக் கட்டுப்படுத்தும் பிஎல்சியும் அதன் கீழுள்ள மோட்டார் டிரைவ்களும் புரோஃபினெட்டில் பேசுகின்றன என்றால் அவற்றுக்கிடையே பிரிட்ஜ்தான் வேண்டும். மோட்பஸ் டிசிபி, ஓபிசி யுஏ, எம்க்யூடிடி ஆகியவை ஐபியின் மேல் ஓடுகின்றன. அவற்றுக்கு ரூட்டர் போதும், ரூட்டர்தான் நல்லது. மெஷினுக்குள்ளே பிரிட்ஜ், மெஷினுக்கு வெளியே ரூட்டர் என்ற என் அடிப்படை விதி இதிலிருந்து வருகிறது. மீற வேண்டிய இடங்களும் உண்டு. மீறும்போது காரணத்தை எழுதி வையுங்கள்.

வளையம் என்றேனே, அதை நேரில் பார்த்தால்தான் அதன் கொடுமை புரியும். ஒரு உதிரிபாகப் பட்டறையில் இரவு ஷிப்ட். பேனலைத் துடைக்கும்போது ஒரு பேட்ச் கார்டின் முனை கீழே தொங்குகிறது. எங்கிருந்தோ கழன்றுவிட்டது என்று நல்ல எண்ணத்தோடு ஒரு பணியாளர் அதைக் காலியாக இருந்த போர்ட்டில் செருகுகிறார். மறுமுனை அதே ஸ்விட்ச்சின் வேறொரு போர்ட்டில் ஏற்கெனவே இருக்கிறது. சற்று நேரத்தில் எனக்கு அழைப்பு வந்துவிட்டது. “சார், எல்லா மெஷினும் ஒரே நேரத்துல கம்யூனிகேஷன் ஃபால்ட் காட்டுது. கரண்ட் இருக்கு. ஒண்ணுமே புரியல.” போய்ப் பார்த்தால், வழக்கமாக ஆளுக்கொரு நேரத்தில் மினுக்கும் போர்ட் விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தன. மெஷினை இயக்கும் எச்எம்ஐ திரையில் எண்களுக்குப் பதில் கட்டம் கட்டமான குறிகள். அந்த ஒரே தாளத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்க முடியாது. பார்த்தவுடன் செய்ய வேண்டியது, கடைசியாக எந்தக் கேபிளைத் தொட்டோம் என்று கேட்டு அதைப் பிடுங்குவது. அங்கே பிரச்சினை என்னவென்றால், யார் எதைத் தொட்டார்கள் என்று எழுதும் பழக்கம் இல்லை. பிஎல்சியில் பழுது என்று நினைத்து அதையே கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் நடக்கும் கணக்கைப் பாருங்கள். ஐபி பாக்கெட்டில் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூஜ்யமானால் பாக்கெட் கைவிடப்படும். ஈதர்நெட் ஃப்ரேமில் அப்படி ஒன்றும் இல்லை. வளையத்தில் மாட்டிய பிராட்காஸ்ட் ஃப்ரேம் தானாகச் சாகாது. மிகச் சிறிய ஈதர்நெட் ஃப்ரேம் 64 பைட். முன்னொட்டும் இடைவெளியும் சேர்த்தால் 84 பைட், அதாவது 672 பிட். 100 எம்பிபிஎஸ் கம்பியில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 1,48,800 ஃப்ரேம் வரை ஓடும். அவ்வளவையும் அந்தப் பிணையத்தில் இருக்கும் ஒவ்வொரு பிஎல்சியும் ‘இது எனக்கா?’ என்று திறந்து பார்த்தாக வேண்டும். ‘இந்த ஐபி யாருடையது?’ என்று எல்லாருக்கும் போகும் ஒரே ஒரு ஏஆர்பி கேள்வி போதும், மொத்தத் தளமும் நிற்கும்.

சிறு பட்டறையில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையம் புகழ்பெற்ற மருத்துவமனை. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. 2002 நவம்பர் 13 அன்று அதன் கணினிப் பிணையம் முழுக்கத் தடுமாறி, சுமார் நான்கு நாள் மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கட்டடமாகச் சேர்த்துச் சேர்த்து ஒரே பெரிய பிரிட்ஜ் பிணையமாக அது வளர்ந்திருந்தது. ஸ்பேனிங் ட்ரீயின் இயல்புநிலைக் கணக்கு, ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே ஏழு பிரிட்ஜுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. அங்கே அது மீறப்பட்டிருந்தது. ஓர் ஆராய்ச்சியாளரின் பெரிய தரவுப் போக்குவரத்து அதை உடைத்துவிட்டது. அந்த மருத்துவமனையின் அன்றைய தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹாலம்கா, நடந்தது அனைத்தையும் மறைக்காமல் வெளியிட்டார். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். அவர் மூடி மறைத்திருந்தால் இன்று இந்த மேடையில் உங்களுக்குச் சொல்ல இந்தப் பாடம் இருந்திருக்காது. நம் ஆலைகளில் பிரேக்டவுன் நடந்தால் முதல் வேலையாக யார்மீது பழி போடலாம் என்று தேடுகிறோம். பழிக்கு அஞ்சுகிறவர் அடுத்த முறை கேபிளைச் செருகியதைச் சொல்ல மாட்டார். பழுது தேடும் நேரம் இரட்டிப்பாகும்.

சரி, ஸ்பேனிங் ட்ரீயை எல்லா இடத்திலும் போட்டுவிட்டால் தீர்ந்ததா? தீராது. பழைய ஸ்பேனிங் ட்ரீயில் ஒரு போர்ட் கேட்கும் நிலையில் 15 விநாடியும் கற்கும் நிலையில் 15 விநாடியும் இருந்த பிறகே தரவைக் கடத்தும். பாதை எங்கோ அறுந்து மாற்றுப் பாதை திறக்க 50 விநாடிகூட ஆகலாம். அலுவலகத்தில் அது ஒரு முணுமுணுப்போடு போய்விடும். 2 மில்லிவிநாடிக்கு ஒருமுறை பேசிக்கொள்ளும் பிஎல்சியும் டிரைவும் மூன்று முறை பதில் வராவிட்டால், அதாவது 6 மில்லிவிநாடியில், லைனை நிறுத்திவிடும். எனவே 2001இல் வந்த வேகமான ஆர்எஸ்டிபியைப் போடுங்கள். மெஷின் நேரடியாகச் செருகப்பட்டிருக்கும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று குறித்துவிடுங்கள். அவற்றில் பிபிடியு கார்டு என்ற காவல் வசதியையும் இயக்குங்கள். அப்படிச் செய்தால், யாராவது அந்தப் போர்ட்டில் ஸ்பேனிங் ட்ரீ பேசும் இன்னொரு பிரிட்ஜைச் செருகினால் போர்ட் தானே மூடிக்கொள்ளும். நான் சொன்ன இரவு ஷிப்ட் பட்டறையில் இருந்தது எந்த அமைப்பும் செய்ய முடியாத மலிவான அன்மேனேஜ்டு ஸ்விட்ச். அதை மாற்றும் செலவையும் அன்றைய இரவு உற்பத்தி இழப்பையும் முதலாளி ஒரே காகிதத்தில் எழுதிப் பார்த்தார். மறுவாரமே மேனேஜ்டு ஸ்விட்ச் வந்தது.

கண்ணுக்குத் தெரியாத பிரிட்ஜுகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இன்று வரும் விஎஃப்டி, ரிமோட் ஐஓ, சர்வோ டிரைவ் பலவற்றில் இரண்டு ஆர்ஜே45 போர்ட் இருக்கும். ஒன்றில் உள்ளே, மற்றொன்றில் வெளியே என்று மாலைபோல் கோத்துக்கொண்டே போவோம். அந்த ஒவ்வொரு டிரைவுக்குள்ளும் ஒரு பிரிட்ஜ் இருக்கிறது. பத்து டிரைவ் வரிசையில் மூன்றாவதை வேலைக்காகக் கரண்ட் எடுத்துப் பூட்டுப் போட்டால், நான்கிலிருந்து பத்து வரை பிஎல்சிக்குத் தெரியாமல் போய்விடும். மூன்றாவது மெஷினில் வேலை, எட்டாவது மெஷினில் ஃபால்ட் என்று பராமரிப்பாளர் குழம்புவதற்குக் காரணம் இதுதான். இன்னொன்றும் உண்டு. முழு ஃப்ரேமையும் வாங்கிய பிறகே அடுத்த போர்ட்டில் அனுப்பும் வகைப் பிரிட்ஜில், 1518 பைட் ஃப்ரேம் 100 எம்பிபிஎஸ்ஸில் கடக்க 121 மைக்ரோவிநாடி ஆகும். இருபது சாதனம் கோத்த வரிசையில் கடைசிச் சாதனத்துக்குப் போய்ச் சேர அதுவே 2.4 மில்லிவிநாடி.

இதற்கு மாற்றாக வரிசையின் இரு முனையையும் சேர்த்து வளையமாக்கி எம்ஆர்பி என்ற நெறிமுறையை இயக்கலாம். ஒரு சாதனம் மேலாளர், மற்றவை உறுப்பினர். மேலாளர் ஒரு பக்கத்தை அடைத்து வைத்திருக்கும். எங்காவது அறுந்தால் திறந்துவிடும். 50 சாதனம் வரை, 200 மில்லிவிநாடிக்குள். இரண்டு எச்சரிக்கை: மேலாளரை அமைக்கும் முன்பு வளையத்தின் கடைசிக் கேபிளைச் செருகவே கூடாது. செருகினால் அந்த இரவு ஷிப்ட் கதைதான். அடுத்து, பிஎல்சியின் காத்திருப்பு நேரத்தை 200 மில்லிவிநாடிக்கு மேல் வைக்காவிட்டால் வளையம் தன்னைச் சரிசெய்துகொள்ளும் முன்பே லைன் நின்றுவிடும். வளையத்துக்குச் செய்த செலவு வீண்.

அடுத்து, இந்த அவையில் பலரும் கேட்ட லினக்ஸ் கேட்வே பெட்டி. டின் ரெயிலில் மாட்டி 24 வோல்ட்டில் ஓடும் சிறு கணினி. இரண்டு மூன்று ஈதர்நெட் போர்ட். மெஷினிலிருந்து தரவை எடுத்து மேலே அனுப்ப இப்போது எல்லாப் பட்டறையிலும் இதை வைக்கிறார்கள். இதற்குள் பிரிட்ஜ் அமைக்க முன்பு பிஆர்சிடிஎல் என்ற கருவி இருந்தது. இப்போது ‘ஐபி லிங்க்’, ‘பிரிட்ஜ்’ என்ற கட்டளைகளே போதும். ‘பிஆர்0’ என்ற பெயரில் ஒரு பிரிட்ஜ் உருவாக்கி, ஒவ்வொரு போர்ட்டையும் அதற்கு மாஸ்டர் பிஆர்0 என்று ஒப்படைத்து, எல்லாவற்றையும் ‘அப்’ நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நான்கைந்து வரிகள்.

சிக்கல் அந்த வரிகளுக்கு வெளியே இருக்கிறது. ஒரு போர்ட்டைப் பிரிட்ஜில் சேர்த்தவுடன் அந்தப் போர்ட்டில் இருந்த ஐபி முகவரிக்கு வேலை போய்விடும். முகவரி இனிப் பிரிட்ஜின் மீது இருக்க வேண்டும். அந்தப் போர்ட் வழியாகவே தொலைவிலிருந்து உள்ளே வந்து கட்டளை அடிக்கிறவர், தான் உட்கார்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்டுகிறார். இணைப்பு அறுந்து, ஆள் பேனலுக்கு நேரில் போக வேண்டும். எல்லாக் கட்டளையையும் ஒரே ஸ்கிரிப்ட்டில் எழுதி ஒருசேர ஓட்டுங்கள்; முடிந்தால் சீரியல் கன்சோலில் செய்யுங்கள்.

பிரிட்ஜின் மேக் முகவரியும் ஏமாற்றும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் உறுப்புப் போர்ட்டுகளில் எது மிகச் சிறிய மேக் எண்ணோ அதைப் பிரிட்ஜ் தனக்கு எடுத்துக்கொள்ளும். பின்னாளில் ஒரு யுஎஸ்பி ஈதர்நெட்டைச் சேர்த்தீர்கள், அதன் எண் இன்னும் சிறியது என்றால் பிரிட்ஜின் முகவரி மாறிவிடும். டிஹெச்சிபியில் வேறு ஐபி வரும். மேலே இருக்கும் சர்வர் பெட்டியைக் காணோம் என்று சொல்லும். முதல் நாளே மேக்கைக் கையால் நிர்ணயித்துவிடுங்கள்.

லினக்ஸ் பிரிட்ஜில் ஸ்பேனிங் ட்ரீ இயல்பாக அணைந்தே இருக்கும். இயக்கினாலும் கெர்னலுக்குள் இருப்பது பழைய, மெதுவான வகை. ஆர்எஸ்டிபி வேண்டுமென்றால் எம்எஸ்டிபிடி போன்ற தனி நிரலை ஓட்ட வேண்டும். டாக்கர் நிறுவிய பெட்டியில் பிரிட்ஜ் அமைத்தால் இன்னொரு மர்மம் வரும். டாக்கருக்காக ஏற்றப்படும் பிஆர்-நெட்ஃபில்டர் பகுதி, பிரிட்ஜ் வழியாகக் கடக்கும் ஃப்ரேமையும் ஃபயர்வால் விதிகளுக்குள் தள்ளிவிடும். டாக்கர் அந்தக் கடத்தல் விதியை ‘டிராப்’ என்று வைத்திருக்கும். பிரிட்ஜ் ஒழுங்காக இருப்பதாகக் காட்டும், தரவு மட்டும் போகாது. வைஃபை கிளையன்ட்டாக வேலை செய்யும் கார்டைச் சாதாரணமாகப் பிரிட்ஜில் சேர்க்கவே முடியாது. வைஃபை ஃப்ரேமின் மூன்று முகவரி அமைப்பு இடம் கொடுக்காது. நான்கு முகவரி முறையை இருபுறமும் ஆதரிக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே ரூட்டிங் செய்துவிடுங்கள்.

கட்டளை அடித்து அமைத்ததெல்லாம் பெட்டியை மறுதொடக்கம் செய்தால் போய்விடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஓசூரில் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப்போய் வருவது உங்களுக்குப் புதிதல்ல. நெட்வொர்க் மேனேஜரிலோ சிஸ்டம்டி-நெட்வொர்க்டியிலோ உபுண்டுவாக இருந்தால் நெட்பிளானிலோ எழுதி, ஒருமுறை கரண்டை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்த பிறகே வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போடுங்கள்.

ஒரே பிரிட்ஜை உள்ளுக்குள் பல பகுதிகளாகப் பிரிக்க விலான். 802.1க்யூ தரநிலையில் 4094 எண்கள் பயன்படும். மெஷினுக்கு ஓர் எண், கேமராவுக்கு ஓர் எண், நிர்வாகத்துக்கு ஓர் எண். லினக்ஸில் விலான் ஃபில்டரிங்கை இயக்கினால்தான் இந்தப் பிரிவினை நடைமுறைக்கு வரும். அதை இயக்கும் முன்பு, நிர்வாக விலான் எண்ணைப் போர்ட்டுகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாது; ‘செல்ஃப்’ என்ற சொல்லோடு பிரிட்ஜுக்கும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஃப்ரேம்கள் பெட்டியைக் கடந்து போகும், பெட்டிக்குள் யாரும் நுழைய முடியாது.

பழுது தேடுவதற்கு எனக்கு மிகவும் பிடித்த கட்டளை ‘பிரிட்ஜ் எஃப்டிபி ஷோ’. எந்த மேக் எந்தப் போர்ட்டில் என்று அந்தக் கணத்தின் அட்டவணையைக் காட்டும். மேக்கின் முதல் பாதி யார் தயாரிப்பு என்று சொல்லிவிடும். தளத்தில் பெயர் தெரியாமல் ஓடும் பெட்டியை இதை வைத்தே கேபிள் கேபிளாகப் பின்தொடர்ந்து கண்டுபிடிக்கலாம். ஒரே மேக் இப்போது ஒரு போர்ட்டிலும் அடுத்த விநாடி மறு போர்ட்டிலும் மாறி மாறித் தெரிந்தால் எங்கோ வளையம் இருக்கிறது என்று பொருள்.

இனி, பிரிட்ஜ் போடக் கூடாத இடங்கள். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

அலுவலகக் கணினியையும் மெஷின் பிணையத்தையும் ஒன்றாக்காதீர்கள். விண்டோஸில் இரண்டு நெட்வொர்க் கார்டைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்தால் ‘பிரிட்ஜ் கனெக்‌ஷன்ஸ்’ என்று வரும். அவசரத்தில் அதைத் தட்டிவிட்டு, தரவு வந்துவிட்டது என்று போய்விடுகிறார்கள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீங்குநிரல் உலகெங்கும் பரவியது. அது யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, பழைய விண்டோஸின் கோப்புப் பகிர்வு ஓட்டை வழியாகக் கணினிக்குக் கணினி தாவியது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. சென்னை அருகே ஒரகடத்தில் அப்போது ரெனோவும் நிஸானும் கூட்டாக நடத்திய ஆலையும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்தி வந்தது. உங்கள் எச்எம்ஐ கணினிகளில் எத்தனையில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறது? அவற்றுக்குத் திருத்தம் போட்டால் மெஷின் மென்பொருள் ஓடாது என்பார் விற்றவர். ஒருவகையில் அது உண்மையும்கூட. அப்படியானால் அவற்றை அலுவலகத்திலிருந்து பிரித்து வைப்பது ஒன்றே வழி.

2019இல் கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பாக எழுந்த செய்தியை நினைத்துப் பாருங்கள். முதலில் மறுப்பு வந்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம், தீங்குநிரல் தங்கள் அமைப்பில் காணப்பட்டது உண்மை என்று அறிவித்தது. நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த பிணையத்தில் இருந்த ஒரு கணினியில் அது இருந்தது என்றும், முக்கியமான உள் பிணையம் அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டது என்றும் கழகம் சொன்னது. நிர்வாகப் பிணையத்தில் தீங்குநிரல் புகுந்ததே கவலைக்குரியது, சந்தேகமில்லை. ஆனாலும் நடுவில் பிரிட்ஜ் இல்லாததன் மதிப்பு அந்த ஓர் அறிவிப்பில் தெரிகிறது.

ஒரே மாதிரி மூன்று மெஷின் வாங்கினால் மூன்றிலும் ஒரே ஐபி, ஒரே சாதனப் பெயர் இருக்கும். தொழிற்சாலையிலிருந்து அப்படித்தான் வரும். மூன்றையும் ஒரே பிரிட்ஜில் செருகினால் எந்த மெஷினோடு பேசுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னால் ஒன்றுக்கு ஒன்று நாட் (முகவரி மாற்றம்) செய்யும் சிறு ரூட்டரை வையுங்கள். மெஷினின் உள் முகவரியைத் தொட வேண்டாம், வாரண்டிச் சண்டையும் வராது.

அடுத்தது நம் எல்லைக்கே உரிய ஆசை. வடிவமைப்பு அலுவலகம் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில், ஆலை இங்கே. அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம். அங்கே உட்கார்ந்தபடி இங்கிருக்கும் பிஎல்சியைப் பிணையத் தேடலில் பார்க்க வேண்டும் என்று விபிஎன்னைப் பிரிட்ஜ் முறையில், டேப் மோடில், அமைத்துத் தரச் சொல்கிறார்கள். அப்படி அமைத்தால் இங்கே எழும் ஒவ்வொரு பிராட்காஸ்ட்டும் அந்த வாடகைக் கம்பியில் ஏறும். அங்கே நடக்கும் வளையம் இங்கே லைனை நிறுத்தும். ஐபி முகவரியைக் கையால் அடித்து ரூட்டிங் வழியாகப் போனால் அதே வேலை நடக்கும். எல்லையை ஒட்டிய ஜூஜூவாடிப் பக்கம் 4ஜி ரூட்டர் வைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அது கர்நாடகக் கோபுரத்தைப் பிடிக்கக் கூடும். டேட்டா ரோமிங் அமைப்பை மூடி வைத்திருந்தால் இணைப்பு அறுந்துபோகலாம்.

பிரிட்ஜ் கூடாது என்ற இந்தப் பட்டியலுக்கு ஒரு விதிவிலக்கு, ஃபைபர் இணைப்பில் சேவை தருபவர் வைக்கும் ஓஎன்டி பெட்டியைப் பிரிட்ஜ் மோடில் போடுவது. அது நல்லது. ஓஎன்டி வெறும் வழியாக நிற்கும், பிபிபிஓஇ லாகினை உங்கள் சொந்த ரூட்டர் செய்யும், இரட்டை நாட் தொல்லை தீரும். சேவை தருபவரிடம் விலான் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எம்டியுவை 1492 என்று வையுங்கள்.

இவ்வளவையும் யார் பார்த்துக்கொள்வது? இப்போதைய வழக்கத்தில், மெஷின் விற்றவரின் பொறியாளர் வந்து அமைத்துவிட்டுப் போகிறார். பாஸ்வேர்டு அவர் லேப்டாப்பில். இரண்டு ஆண்டில் அவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஸ்விட்ச் எரிந்தால், புது ஸ்விட்ச் கையில் இருந்தும் அதில் என்ன அமைக்க வேண்டும் என்று தெரியாமல் ஐடிஐ படித்த தம்பி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். அவர் திறமையற்றவர் அல்ல. மோட்டார் வைண்டிங்கைக் காதால் கேட்டே பழுது சொல்லக்கூடியவர். அவரிடம் கோப்பைக் கொடுக்காமல் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். எனக்கு இது தொழில்நுட்பக் குறையாகத் தெரியவில்லை, மரியாதைக் குறைவாகவே தெரிகிறது.

முதலாளிமார்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை மெஷின் வாங்கும்போது, நெட்வொர்க் அமைப்புக் கோப்பும் பாஸ்வேர்டும் ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். எல்எல்டிபியை இயக்கச் சொல்லுங்கள். யாருக்குப் பக்கத்தில் யார் என்று சாதனங்களே சொல்லிவிடும், வரைபடம் போடுவது எளிதாகும். அந்த வரைபடம் பேனல் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கட்டும். தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ, அந்த ஷிப்டில் நிற்கிறவர் எந்த மொழியில் படிப்பாரோ அதில் எழுதுங்கள். பொறுப்பாளர் பெயரும் அதில் இருக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சியோடு முடிக்கிறேன். இதற்கு ஸ்விட்ச் வாங்க வேண்டாம், லினக்ஸ் போட்ட ஒரு பழைய லேப்டாப் போதும். நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்ற வசதியால் ஒரே கணினிக்குள் மூன்று தனித்தனிக் கணினிகளை உருவாக்கலாம். வீத் என்பது மென்பொருளால் ஆன கேபிள். மூன்று நேம்ஸ்பேஸில் மூன்று பிரிட்ஜ் வைத்து, மூன்றையும் வீத் கேபிளால் முக்கோணமாகச் சேருங்கள். ஸ்பேனிங் ட்ரீயை அணைத்தபடியே ஒரே ஒரு பிங் அனுப்பி, ‘ஐபி லிங்க்’ காட்டும் பாக்கெட் எண்ணிக்கை ஏறுவதைப் பாருங்கள். லேப்டாப்பின் விசிறி சத்தம் போடும்போது ஒரு வீத்தை அணைத்துவிடுங்கள். பிறகு மூன்றிலும் ஸ்பேனிங் ட்ரீயை இயக்கி அதைத் திரும்பச் செருகுங்கள். முப்பது விநாடி பொறுத்து மூன்று நேம்ஸ்பேஸிலும் ‘பிரிட்ஜ் லிங்க்’ என்று அடித்தால் ஆறு போர்ட்டில் ஒன்று ‘பிளாக்கிங்’ என்று நிற்கும். எந்தப் போர்ட் அது, ஏன் அதுவே என்று கண்டுபிடித்து, உங்கள் விருப்பப்படி வேறொரு போர்ட் அடைபடுமாறு ‘பிரையாரிட்டி’ எண்ணை மாற்றிக் காட்டுங்கள். ஆசிரியர்கள் அனுமதித்திருக்கிறார்கள், ஆய்வகம் இன்று மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும், நானும் அங்கேதான் இருப்பேன்.